எட்டுப் படமும் வீட்டுச் சாமான்களும்

சங்கரன்கோவில்,
15-7-1953.

சிரஞ்சீவி மாப்பிள்ளை குற்றாலநாதன் அவர்களுக்கு மாமா அம்பலவாணன் அநேக ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. கோமதியம்மன் புண்ணியத்தில் இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீங்களும் சண்முகசுந்தரியும் மதுரையில் சுகமாக இருக்கிறீர்கள் என்று கேட்கும்போதெல்லாம் எங்களுக்குப் பாதி வியாதி போய்விடுகிறது. நிற்க. ஆடித் தபசன்று அம்மனைப் படமெடுக்க வேண்டும் என்று பிலிம் மாட்டி, "மாமா, இது பத்திரமா இருக்கட்டும்" என்று போன மாதம் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனீர்களே, அந்தக் கேமரா பத்திரமாக இருக்கிறது. பிலிம்தான் இல்லை. எட்டுப் படமும் எடுத்தாகிவிட்டது. எடுத்தவன் நான். கோபப்படாமல் மேலே படிக்க வேண்டும்.

நான் தாலுகா ஆபீஸிலிருந்து ரிடையராகி நாற்பது நாள் ஆகிறது. முதல் வாரம் தூங்கினேன். அப்புறம், உங்கள் அத்தைக்கு ஒத்தாசையாக இருக்கட்டுமே என்று அடுக்களை டப்பாக்களை அகர வரிசைப்படி மாற்றி அடுக்கி, ஒவ்வொன்றிலும் நம்பர் ஒட்டி, ஒரு ரிஜிஸ்டரும் போட்டுக் கொடுத்தேன். அன்று ரசத்தில் சீரகத்துக்குப் பதில் ஓமம் விழுந்தது. அதோடு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். முப்பத்து மூன்று வருஷத்தில் நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம், பேசாமல் இருந்ததில்லை. ஒன்பது நாள் இப்படியே போனது. சோறு ஆனதும் தொழுவத்தைப் பார்த்து, "இலை போட்டாச்சு, சாப்பிடுதவங்க வந்து சாப்பிடலாம்" என்று பசுவிடம் சொல்லுவாள். பசு வராது. நான் போவேன்.

பத்தாம் நாள் பேப்பரும் வரவில்லை. பொழுது நகராமல், சும்மா கண்ணாடி வழியாகப் பார்ப்போம் என்றுதான் கேமராவைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். எதிரே ஆட்டுரல் கிடந்தது. அந்தச் சின்னச் சதுரத்துக்குள் ஆட்டுரலைத் தவிர உலகத்தில் வேறு ஒன்றுமே இல்லை. மாப்பிள்ளை, எப்படிச் சொல்லுவேன். இத்தனை வருஷம் தோசை தின்றவன் ஆட்டுரலை அன்றைக்குத்தான் பார்த்தேன். குழவி ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது, அவள் உட்காரும் பக்கமாக. கல் தேய்ந்திருக்கிறது. கல்லைத் தேய்த்த கை என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தேன். விசையைத் தட்டிவிட்டேன். அதற்கப்புறம் நான் என் வசத்தில் இல்லை. வீட்டுக்குள் வெளிச்சம் போதாது என்று நீங்கள் சொன்னது ஞாபகம் வந்து அரிவாள்மணை, அகப்பை, என் குடை, அறுந்த செருப்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்தேன். சல்லடையை வெயிலில் சாய்த்து வைத்தால் தரையில் ஆயிரம் பொட்டு வெளிச்சம். அதைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் குத்தவைத்திருந்தேனோ தெரியாது, பக்கத்து வீட்டுப் பெத்துராஜ் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, வீட்டைக் காலி பண்ணுதியளா? ஒரு வார்த்தை சொல்லலியே."

"இல்லடே, படம் எடுக்கேன்."

"யாரை?"

"அகப்பையை."

அவன் தலை வேலிக்குக் கீழே இறங்கிவிட்டது. செய்தி மத்தியான பஸ்ஸில் புளியங்குடிக்குப் போயிருக்கிறது. மறுநாள் காலை உங்கள் அத்தையின் தம்பி வைத்தியலிங்கம், என் தலையில் தேய்ப்பதற்காக ஒரு சாக்கு எலுமிச்சம்பழத்தோடு வந்து இறங்கினான். தேய்த்தும் விட்டான்.

கடைசிப் படத்துக்கு, புளி போட்டு விளக்கிய பித்தளைக் குடத்தைத் துவைக்கிற கல்லில் வைத்து எடுத்திருந்தேன். பிலிமைக் கழுவக் கொடுத்த நான்காம் நாள், கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அருமைநாயகம் தானே வீடு தேடி வந்தார். "சார்வாள், நம்ம ஊர்ல கல்யாணத்துக்குப் படம் எடுப்பாங்க, செத்தவங்களை எடுப்பாங்க. இந்த அகப்பைக்கு என்ன விசேஷம்னு கேக்கலாமா?" என்றார். மூன்று படத்தில் என் கட்டைவிரலும் சேர்ந்து விழுந்திருப்பதை மரியாதையாகக் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அதெல்லாம் கிடக்கட்டும். பூதக்கண்ணாடி இருந்தா எடுங்க. இந்தக் குடத்தைப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். குடத்தின் வயிற்றுக்குள் எங்கள் வீடு முழுவதும் வளைந்து கிடந்தது. கூரை, முருங்கை, வானம். நடுவில் ஒரு வழுக்கைத் தலை குனிந்திருக்கிறது, அது நான். எனக்குப் பின்னால், அடுக்களை வாசலில், எள்ளளவுக்கு உங்கள் அத்தை. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்பது அவள் கட்சி. உங்கள் கல்யாண குரூப் படத்திலேயே அவள் கொண்டை மட்டும்தான் விழுந்திருக்கிறது. அப்படிப்பட்டவள் இதில் முழுசாக நிற்கிறாள், வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். ஒன்பது நாள் என்னோடு பேசாதவள் என் முதுகுக்குப் பின்னால் நின்று சிரித்திருக்கிறாள். நான் திரும்பிப் பார்க்காத நேரங்களில் இந்த வீட்டில் இன்னும் என்னவெல்லாம் நடந்திருக்குமோ என்று நினைத்தேன். அருமைநாயகம் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவளுக்குக் கோபம் இல்லை என்று தெரிந்துவிட்டதால் தைரியமாக அடுக்களைக்குப் போய், "காந்திமதி, டப்பாவெல்லாம் உன் இஷ்டம்போல மாத்தி வச்சுக்கோ" என்றேன். "அதெல்லாம் அன்னைக்கே மாத்தியாச்சு" என்றாள். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். படத்தை அவளிடம் இன்னும் காட்டவில்லை. இத்துடன் வைத்திருக்கிறேன், சண்முகசுந்தரியிடம் கொடுத்து, அவள் அம்மா சிரிப்பதைப் பார்க்கச் சொல்லவும். பிலிம் விஷயத்தில் மாமாவை மன்னிக்கவும். உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த செல்வமும் அம்மன் தரவேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமா,
அம்பலவாணன்.

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்காமல் வைத்துவிட்டு நான் கை கழுவப் போன நேரத்தில் உங்கள் அத்தை படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டாள், கடிதத்தையும் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டாள். அவள் சிரிக்கவே இல்லையாம். "கொட்டாவி விட்டேன். அதைப் போய்ச் சிரிப்புன்னு மதுரைக்கு எழுதுதியளா?" என்று கேட்டாள். ஆகவே மேலே சிரிப்பு என்று வரும் இடங்களிலெல்லாம் கொட்டாவி என்று திருத்தி வாசிக்கவும். இதைச் சொல்லிவிட்டு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அதை உங்களுக்கு அனுப்ப வழியில்லை. எதிரே நின்று நான் பார்த்தேன்.