செயலியின் மனம் நோகக்கூடாது

சிகரெட்டை விட்டவர் ஒரு ரகம், விடாதவர் ஒரு ரகம் என்றுதானே நினைத்திருக்கிறீர்கள்? மூன்றாவதாக ஒரு ரகம் கோவைப் பக்கத்தில் பெருகி வருகிறது: ஃபோனில் மட்டும் விட்டவர்.

காலை ஆறரைக்கு ஏதாவது ஒரு பேக்கரி வாசலில் போய்ப் பாருங்கள். ஒரு கையில் டீ, மறு கையில் ஃபோன், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒருவர், "நான் மன உறுதி உள்ளவன், என் குடும்பம்தான் எனக்குப் பெரிது, என்னால் முடியும்" என்று, சிகரெட்டை விடவைக்கும் செயலி எழுதிக் காட்டுவதை, பக்கத்தில் பப்ஸ் தின்பவருக்கும் கேட்கும்படி மூன்று தடவை வாசிப்பார். வாசிக்க வாசிக்க முகத்தில் களை ஏறும், நெஞ்சு நிமிரும், இப்பேர்ப்பட்ட உத்தமன் ஒரே ஒரு சிகரெட் பிடித்தால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றும். பற்ற வைப்பார்.

எங்கள் கருமத்தம்பட்டி திருமூர்த்தி, பதினாறு தறி ஓட்டுகிறவர், இந்த ரகத்தில் முதல் தரம். பிரசவத்துக்கு வந்த மகள் லோகப்பிரியா, குழந்தை பிறந்த கையோடு கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: முப்பது நாள் சிகரெட்டைத் தொடாமல் இருந்தால்தான் பேத்தியைத் தூக்கலாம். செயலியை ஃபோனில் ஏற்றிக் கொடுத்ததும் அவள்தான். வாழ்க்கையில் உங்களுக்கு முக்கியமானவை எவை என்று அது முதல் நாளே கேட்டது. மனுஷன் யோசிக்கவே இல்லை. "நேர்மை, மரியாதை" என்று தட்டிவிட்டார்.

ஒரே வாரத்தில் இரண்டும் மோதிக்கொண்டன. நூல் புரோக்கர் நீட்டியதை வேண்டாமென்றால் அவர் மனம் நோகுமே என்று ஒன்று, தறி மெக்கானிக் தனியாக நின்று ஊதுகிறாரே என்று ஒன்று. சாயங்காலமானால் செயலி விசாரிக்கும்: "இன்று புகை பிடிக்காமல் இருந்தீர்களா?" இவர் "ஆம்" என்பதை அழுத்துவார். பொய்யா? சேச்சே! நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலைக் கேளுங்கள்.

"ஏனுங்க, காலைல இருந்து அது நம்மள அவ்வளவு ஒசத்தியாப் பேசுதுங்க. அதுகிட்டப் போயி ஊதிப்போட்டேன்னு எப்படிங்க சொல்றது? சங்கடப்படாதுங்களா?"

முப்பதாம் நாள் செயலி திரை நிறையப் பூத்தூவி வாழ்த்தியது. திருமூர்த்தி அதை வீடு முழுக்கச் சுற்றிக் காட்டினார். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துவந்து அப்பாவிடம் நீட்டினாள்.

வாங்க நீண்ட அவர் கை பாதியில் நின்றது. அந்தப் பொடிசு அவரை உத்தமர் என்று சொல்லவில்லை, உறுதியானவர் என்று சொல்லவில்லை. சும்மா பார்த்தது. திருமூர்த்தி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இன்னுமொரு முப்பது நாள் போகட்டுங்க, கண்ணு," என்றார், பேத்தியிடம்.

மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாள். ஃபோனை வாங்கி, முப்பதை அழித்துப் பூஜ்யமாக்கிக் கொடுத்தாள். செயலி உடனே, "நான் மன உறுதி உள்ளவன்" என்று எழுதிக் காட்டியது. இந்தத் தடவை அவர் அதைச் சத்தமாக வாசிக்கவில்லை.

சிரிக்கிறீர்கள். சோபாவில் சாய்ந்தபடியே கையை ஆட்டி ஆட்டி, கைக்கடிகாரத்தில் பத்தாயிரம் அடி நடந்து முடிக்கிறவர் நீங்கள், தாராளமாகச் சிரியுங்கள். அட, நான் அந்த மாதிரி ஆளே இல்லை என்கிறீர்களா? சரி, போகட்டும். இவ்வளவு நேரம் பொறுமையாகப் படித்தீர்களே, நான் எழுதியது எப்படி இருந்தது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

"நல்லா இருந்துச்சுங்க."

பார்த்தீர்களா?