வியாகுலம்மாளின் ஆறு வோல்ட் வேன்

மீன் கூடையோடு பஸ்ஸில் ஏறக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. ஏற்றிக்கொண்ட கண்டக்டரும் யாரும் இல்லை. இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவே காசிமேட்டுப் பெண்கள் வெகுகாலம் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தார்கள்.

நின்று சலித்துப்போய்த்தான் ராயபுரம் வியாகுலம்மாளும் அவளோடு மீன் விற்கும் பெண்களும் சேர்ந்து ஒரு வேன் வாங்கினார்கள். துறைமுகத்துப் பக்கம் இழுத்து மூடிய ஒரு கம்பெனியிலிருந்து ஏலத்துக்கு வந்தது. அறுபதுகளில் செய்தது. உருண்டை மூக்கும் தவளைக் கண்ணுமாக, யாரோ திட்டியதைக் கேட்டு விழிப்பதுபோல் இருக்கும். ஓட்டுவதற்கு வியாகுலம்மாளின் தம்பி சாவியோ இருந்தான். காசிமேட்டில் கூடைகளை ஏற்றிக்கொண்டு திருவொற்றியூர், மணலி, மாதவரம் பால் காலனி என்று ஆளையும் மீனையும் இறக்கிவிட்டு வருவான்.

ஓடுவதில் வேனுக்குக் குறை இல்லை. கரண்டில்தான் குறை. அந்தக் காலத்து ஆறு வோல்ட் ஒயரிங். ஒயரின் மேல் சுற்றியிருந்த துணி மக்கி, தொட்டால் மாவாக உதிர்ந்தது. ஐஸ் தண்ணீரும் உப்பும் சேர்ந்து தகரத்தைத் தின்றதில் கரண்ட் எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்புகிறது என்று வேனுக்கே தெரியாது. ஹார்ன் அடித்தால் ஹெட்லைட் அணையும். பிரேக்கை மிதித்தால் வைப்பர் ஒருமுறை ஆடி நிற்கும். வலது பக்கம் திரும்பச் சிக்னல் போட்டால் வெளியே ஒன்றும் எரியாது. உள்ளே கூரை விளக்கு மினுக்கும். வண்டி திரும்பப்போவது எதிரே வருகிறவர்களுக்குத் தெரியாவிட்டாலும் உள்ளே உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு நன்றாகத் தெரிந்தது.

விடியுமுன் கிளம்ப வேண்டிய வண்டி அது. ஹெட்லைட்டின் வெளிச்சம் ஊதுபத்தி அளவு. ஒருநாள் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஓரமாக நின்றிருந்த டிரெய்லர் ஒன்று சாவியோவின் கண்ணில் பட்டது. அதற்குள் வேனின் மூக்கு அதில் பட்டுவிட்டிருந்தது. சுகிர்தம் என்ற பெண்ணுக்குக் கை ஒடிந்தது. மாவுக்கட்டோடு அவள் மறுநாளும் கூடையைத் தூக்க வந்து நின்றபோது வியாகுலம்மாள் அவளைப் பார்க்காமல் வேனைப் பார்த்தாள்.

“இத்த இப்டியே வுட்டா எல்லாரையும் ஒருநாளு மொத்தமா அள்ளிக்கும்டா,” என்றாள் தம்பியிடம்.

வியாசர்பாடியில் ஆட்டோ எலெக்ட்ரிக் கடை வைத்திருந்தாள் சங்கமித்ரா. ஐ.டி.ஐ. படித்தவள். தன் வேலையைப் பற்றி அவளுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அது மிகவும் உயர்ந்த அபிப்பிராயம். பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு மெதுவாக மூடினாள்.

“இத்த ரிப்பேர் பண்ண முடியாதுக்கா. பாதிரியாரத்தான் கூப்டணும்.”

“அப்ப இன்னா பண்றது?”

“மொத்தமா உருவிட்டு பன்னெண்டு வோல்ட் போட்டுடலாம். டைனமோவ கழட்டிட்டு ஆல்டர்னேட்டரு. புது பேட்டரி, புது ஒயரு, ஃப்யூஸ் பாக்ஸு. லைட்டு போட்டா மணலில தூங்கறவன் எழுந்து உக்காரணும்.”

“பாட்டு வெப்பியா?” என்று கேட்டான் சாவியோ. ஒய்-டூ-கே என்று உலகமே பயந்து, ஒன்றும் ஆகாமல் போனதற்கு அடுத்த வருடம் அது. ரிவர்ஸ் எடுக்கும்போது பாட்டுப் பாடாத வண்டியை ஊரில் யாரும் மதிப்பதில்லை.

“அது இல்லாமயா?” என்றாள் சங்கமித்ரா.

டிங்கரிங் செய்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து வேன் வெளியே வந்தது. ஹெட்லைட் எரிந்தது, ஹார்ன் அடித்த பிறகும் எரிந்தது. யாரும் கேட்காமலே வண்டிக்கு அடியில் நீல பல்பு வரிசையும் எரிந்தது. பெட்ரோல் முள் மட்டும் புதுக் கரண்ட் தாங்காமல் மறுகோடிக்கு ஓடிப்போய் அங்கேயே நின்றுவிட்டது.

“இனிமே டேங்க் எப்பவும் ஃபுல்லுக்கா,” என்றாள் சங்கமித்ரா. அதைத் தன் தவறாக அவள் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

கழற்றிய டைனமோ, பழைய பேட்டரி, மங்கல் பல்புகள், மக்கிய ஒயர்கள் எல்லாவற்றையும் ஒரு மீன் கூடையில் போட்டு, எடைக்குப் போடலாம் என்று வேனின் பின்னால் வைத்தார்கள். வைத்துவிட்டு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றிதழ் வாங்கப் போனார்கள்.

வடகடலோர வாகனத் தகுதி ஆய்வு மன்றத்தின் அலுவலகத்தில் திரு. கிருஷ்ணப்பன் ஆய்வாளராக இருந்தார். அவர் லஞ்சம் வாங்காதவர். வாங்கியிருந்தால் இந்தக் கதை இந்த இடத்தில் முடிந்திருக்கும்.

அவர் ஆர்.சி. புக்கைப் பார்த்தார். வேனைப் பார்த்தார். மறுபடி புக்கைப் பார்த்தார்.

“இது எந்த வண்டி?”

“புக்குல கீற வண்டிதான் சார்,” என்றாள் வியாகுலம்மாள்.

“புத்தகத்தில் இருப்பது ஆறு வோல்ட் வண்டி. இது பன்னிரண்டு வோல்ட் வண்டி. ஆறும் பன்னிரண்டும் ஒன்றா அம்மா?”

“பழைய லைட்டு எரியல சார். ஒர்த்திக்கு கை ஒடிஞ்சி போச்சி. அதான் மாத்தினோம்.”

“எரியாமல் இருப்பது குறைபாடு. குறைபாட்டை இந்த அலுவலகம் மன்னிக்கும். எரிவது மாற்றம். மாற்றத்துக்கு முன் அனுமதி தேவை.”

“செரி, அனுமதி குடு சார்.”

“முன் அனுமதி என்பது முன்னால் தருவது. மாற்றி முடித்துவிட்டு மாற்ற அனுமதி கேட்டால் நான் எதை மாற்ற அனுமதிப்பது?”

“பழையபடி மாத்திகினு வர்றோம்.”

“தாராளமாக வரலாம். ஆனால் ஆறு வோல்ட் வெளிச்சம் சாலைக்குப் போதாது. அதற்கு எஃப்.சி. தர என் மனசாட்சி இடம் தராது.”

சாவியோ அக்காவைப் பார்த்தான். அக்கா சங்கமித்ராவைப் பார்த்தாள். சங்கமித்ரா தன் நீல பல்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் திரு. ராமதாஸ் அங்கே வந்தார். தொன்மை வாகன ரசிகர் சங்கத்தின் செயலாளர். பழைய கார் வைத்திருப்பது கௌரவம், அதில் ஒரு ஸ்க்ரூவைக்கூட மாற்றாமல் வைத்திருப்பது பெரிய கௌரவம், அதை ஓட்டாமலே வைத்திருப்பது பரம கௌரவம் என்று பட்டணத்தில் ஒரு நாகரிகம் பரவியிருந்தது. அவர் தம்முடைய காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

வேனின் மூக்கைத் தடவிப் பார்த்து அவர் கண் கலங்கினார். பானெட்டைத் திறந்து ஆல்டர்னேட்டரைப் பார்த்ததும் கலங்கிய கண்ணை மூடிக்கொண்டார்.

“யார் செய்த கொலை இது?”

“நான்தான்,” என்றாள் சங்கமித்ரா, பெருமையோடு.

“ஒரிஜினல் ஒயரிங்தான் அம்மா ஒரு வண்டியின் ஆத்மா. மிச்சமெல்லாம் வெறும் உடம்பு. அந்த ஆத்மா இப்போது எங்கே?”

ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள் வியாகுலம்மாள். ஆத்மா, உடம்பு என்றதும் விஷயம் அவளுக்குத் தெளிவாகப் புரிந்துவிட்டது.

“கூடைல கீது சார்.”

கூடை இறக்கி வைக்கப்பட்டது. ராமதாஸ் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். “அசல். மாசுமருவற்ற அசல். இப்படியொரு முழுமையான வாகனத்தை நான் பார்த்து வெகுகாலம் ஆகிறது.”

கிருஷ்ணப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “வாகனம் என்று சொன்னீர்களா?”

“என் நிபுணத்துவத்தைப் பணயம் வைத்துச் சொல்வேன்.”

ஆய்வாளர் வெகுநேரம் யோசித்தார். அவர் நேர்மையானவர் என்பதால் பாதியில் நிறுத்தாமல் கடைசிவரை யோசித்தார். புத்தகத்தில் இருப்பது ஆறு வோல்ட் வாகனம். எதிரே இருப்பவற்றில் ஆறு வோல்ட் உள்ளது கூடை ஒன்றுதான். ஆகவே புத்தகத்தில் இருக்கும் வாகனம் கூடைதான். இதில் எங்கும் ஓட்டை இல்லை.

அவர் முறைப்படி சோதனையைத் தொடங்கினார். புகைச் சோதனை: துளியும் இல்லை. பிரேக் சோதனை: கூடையைத் தரையில் வைத்தார்கள், வைத்த இடத்தில் நின்றது. சரிவில் வைத்தார்கள், அங்கும் நின்றது. விளக்குச் சோதனைக்காகப் பழைய பல்பைக் கூடையிலிருந்த பழைய பேட்டரியில் கொடுத்தபோது பழுத்த பூவரச இலை நிறத்தில் மங்கலாக எரிந்தது.

“இது போதாதுன்னு சொன்னீங்களே சார்?” என்றான் சாவியோ.

“ஓடுகிற வாகனத்துக்குப் போதாது. இந்த வாகனத்தின் வேகத்துக்கு ஏராளம்.”

வேனிலிருந்து நம்பர் பிளேட்டைக் கழற்றிக் கூடையில் கட்டினார்கள். சீல் விழுந்தது.

“அப்ப இந்த வேனு?” என்று கேட்டாள் வியாகுலம்மாள்.

“அதற்குப் பதிவு இல்லை. பதிவு இல்லாதது வாகனம் அல்ல. வாகனம் அல்லாத பொருள் சரக்கு. சரக்கை, தகுதி பெற்ற வாகனத்தில் ஏற்றிச் செல்ல எந்தத் தடையும் இல்லை.”

“இந்த வேன கூடைல ஏத்திகினா?”

“சரக்கு சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சிவப்புத் துணி ஒன்று கட்டிவிடுங்கள்.”

வியாகுலம்மாள் படியில் உட்கார்ந்தாள். வந்தது காலையில், அன்றைய வியாபாரம் போனது போனதுதான். வேனுக்குள் சுகிர்தம் மாவுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வியாகுலம்மாளுக்கு அழுகை வரும்போல் இருந்தது; அதற்கும் ஏதாவது முன் அனுமதி கேட்பார்களோ என்று அடக்கிக்கொண்டாள்.

“எனுக்கு ஒண்ணு மட்டும் சொல்லு நைனா. நாளிக்கி ஏவாரத்துக்குப் போலாமா, கூடாதா?”

“தாராளமாகப் போகலாம்.”

“அது போதும்,” என்று எழுந்தாள்.

மறுநாள் திருவொற்றியூரில் போலீஸ்காரர் கை காட்டினார். நம்பர் இல்லாத வேன், முன்னால் சிவப்புத் துணி, கீழே நீல விளக்கு.

“வண்டி நம்பர் எங்கே?”

வியாகுலம்மாள் மடியில் இருந்த கூடையைத் தூக்கிக் காட்டினாள். “தோ, இதான் சார் வண்டி. மீதியெல்லாம் லோடு.”

அவர் சான்றிதழைப் படித்தார். சீல் சரியாக இருந்தது. சீல் சரியாக இருந்த பிறகு மேற்கொண்டு யோசிப்பது அவர் வேலை அல்ல.

“லோடு ரொம்ப நீட்டிக்கினு இருக்கு. பாத்துப் போங்க,” என்றார்.

ராமதாஸின் சங்கம் நடத்திய தொன்மை வாகன அணிவகுப்புக்கு அழைப்பு வந்தது. வேனுக்கு அனுமதி இல்லை, அது மாற்றப்பட்டது. சாவியோ கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தான். பளபளக்கும் கார்களுக்கு நடுவே கூடைக்கு முதல் பரிசு கிடைத்தது. கறுப்புக் கண்ணாடி அணிந்த ஓர் அம்மையார் ஆங்கிலச் சாயலோடு, “என்ன மைலேஜ் தருது?” என்று கேட்டார்.

“ஒரு டீக்கு மூணு கிலோமீட்டர் மேடம்,” என்றான் சாவியோ.

அவர் தம் கணவரிடம் திரும்பி, நம் வண்டியைவிடப் பரவாயில்லை என்றார்.

செய்தி மணலிக்குப் போக அதிக நேரம் ஆகவில்லை. அங்கே டேங்கர் லாரிக்காரர்களுக்கு எஃப்.சி. என்றாலே பேஜார். ஒவ்வொரு லாரியும் நின்ற இடம் தெரியாமல் கரும்புகை விட்டது. அவர்களில் ஒருவர் முதலில் துணிந்து தம் லாரியின் ஒயரிங்கை மாற்றிவிட்டு, கழற்றிய பழைய டைனமோவை ஒரு கூடையில் போட்டு எடுத்து வந்தார். கிருஷ்ணப்பன் முன்னுதாரணத்தை மதிப்பவர். கூடை தேறியது. அடுத்த வாரம் மன்றத்தின் வாசலில் லாரிகளே இல்லை. கூடைகள் வரிசையில் நின்றன.

எல்லாரிடமும் கூடை இருக்காது அல்லவா? வியாகுலம்மாளிடம் இருந்தது. முதலில் ஒரு லாரிக்காரருக்குச் சும்மா கொடுத்தாள். பிறகு வாடகைக்குக் கொடுத்தாள். பிறகு மற்றப் பெண்களும் தங்கள் கூடைகளைக் கழுவிக் காயவைத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சுகிர்தத்தின் கை கூடிவிட்டது. சங்கமித்ராவுக்கு லாரி ஒயரிங் வேலை குவிந்தது. எல்லா லாரிக்கும் அடியில் நீல பல்பு வைத்தாள். வேன் இப்போது மீன் ஏற்றுவதில்லை. கூடைகளை மட்டும் ஏற்றிக்கொண்டு, வெயில் ஏறிய பிறகு நிதானமாக வரும். அதன் ஹெட்லைட்டைப் போட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

ஆண்டு இறுதியில் மன்றம் அறிக்கை வெளியிட்டது. வட்டாரத்தின் அத்தனை வாகனங்களும் சோதிக்கப்பட்டன, ஒன்றில்கூடப் புகை இல்லை. கிருஷ்ணப்பனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நன்றியுரை சொல்ல எழுந்தவருக்கு இருமல் வந்து பாதியில் உட்கார்ந்துவிட்டார்.

இருமல் எல்லாருக்கும்தான் இருந்தது. மணலியில் காயப்போட்ட துணி கறுத்தது. குழந்தைகளை வைத்துக்கொண்டு தாய்மார்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள். சாவியோ ராத்திரியெல்லாம் படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தான். பொறுக்க முடியாமல் ஒருநாள் ஊரே திரண்டு மன்றத்துக்குப் போனபோது முன்னால் போனவள் வியாகுலம்மாள்தான். அவள் பேசினால் ஆய்வாளர் கேட்பார் என்று ஊர் நம்பியது.

“மூச்சு வுட முடியல சார். பொழுதன்னிக்கும் பொகை.”

“எதிலிருந்து வருகிறது?” என்றார் கிருஷ்ணப்பன், இருமலுக்கு நடுவே.

“லாரிங்கள்லேர்ந்துதான்.”

அவர் சான்றிதழ்களின் பிரதிகளை மேசை மேல் வைத்தார். மறுபுறம் உட்கார்ந்திருந்த அவருடைய தலை மறைந்துவிட்டது. அதன் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

“இந்த வட்டாரத்தில் புகை விடும் வாகனம் ஒன்றும் கிடையாது அம்மா. அத்தனை வாகனங்களையும் நானே என் கையால் தூக்கிப் பார்த்திருக்கிறேன்.”

ஊர் வியாகுலம்மாளைப் பார்த்தது. ஊரில் பாதிப் பேர் லாரி ஓட்டுகிறவர்கள், லாரியில் வேலை செய்கிறவர்கள். மீதிப் பேர் கூடை கொடுக்கிறவர்கள். வியாகுலம்மாள் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, இருமி, மூடிக்கொண்டாள்.

“புகை இல்லை என்று ஆகிவிட்டதால், இருமல் உங்கள் சொந்தப் பொறுப்பு,” என்றது குரல்.

வெளியே வந்தபோது வாசலில் ஒரு டேங்கர் லாரி இன்ஜினை அணைக்காமல் நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, “யக்கா, கூட கீதா? இன்னிக்கி எஃப்.சி.,” என்றான். வியாகுலம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இருப்பதில் நல்ல கூடையாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள்.