கேமரா அணைத்தோர் வராதோர்

“அம்மா, உங்க பக்கம் மின்விசிறி மட்டும்தான் தெரியுது” என்றார் சங்கத் தலைவர்.

அவன் மடிக்கணினியின் மூடியை அவசரமாகக் கொஞ்சம் தாழ்த்தினான்.

“இப்ப கொடியில துண்டு தெரியுது.”

வாசகர் சங்கத்தின் ஆண்டு மாநாடு. வழக்கம்போல இணையத்தில். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக முகங்கள். துண்டு தெரிந்த கட்டத்துக்குக் கீழே அவன் மனைவியின் பெயர் இருந்தது. சங்கத்தில் உறுப்பினர் அவள்தான். அவள் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அதை அவன் சங்கத்துக்குச் சொல்லவில்லை.

மற்ற இடங்களில் சொன்னான். வங்கியில் சொன்னான், பெயரை எடுத்துவிட்டார்கள். நூலகத்தில் சொன்னான், எடுத்துவிட்டார்கள். அவளுடைய கைப்பேசி எண் இப்போது ஒரு பழக்கடைக்காரரிடம் இருக்கிறது. நல்ல மனிதர், இரண்டு தடவை பொறுமையாகப் பேசினார். இந்த ஒரு கட்டம்தான் பாக்கி. உள்ளே நுழைந்ததும் அவள் பெயரைப் போட்டு ‘வந்துவிட்டார்’ என்று ஒரு வரி வரும். அதைப் பார்க்கத்தான் வருவான்.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். இலக்கியம் தெரியாது. ஆனால் மாநாட்டில் இருக்கத் தெரியும். அவள் பழக்கியது. பாதிக் கூட்டத்தில் அடுப்பில் ஏதாவது தீயும், எழுந்து ஓடுவாள். “நான் வர்ற வரைக்கும் அப்பப்ப ‘அருமை’ன்னு தட்டிக்கிட்டே இருங்க. நிறுத்தினா நான் இல்லன்னு கண்டுபிடிச்சிடுவாங்க.”

போன வருஷம் கேமராவை அணைத்துவிட்டு மாநாடு முடியும்வரை தட்டினான். யாரோ ஒருவரின் தாயாருக்கு இரங்கல் வாசித்தபோதும் ஓர் ‘அருமை’ விழுந்துவிட்டது. ஏனோ ஒருவரும் கேட்கவில்லை.

இந்த வருஷம் புது விதி. அழைப்பிதழின் முதல் வரியே அதுதான். ‘கேமரா அணைத்தோர் வராதோர் எனக் கருதப்படுவர். வராதோர் பெயர் நீக்கப்படும்.’ அதற்குமேல் அவன் படிக்கவில்லை.

துண்டை இழுத்துத் தூர எறிந்தான்.

“அம்மா, இப்ப ஒரு கை தெரிஞ்சுதே. முடி முடியா?”

அவன் யோசிக்காமல் தட்டினான்: ‘எலக்ட்ரீஷியன்.’

“நல்லதும்மா, வேலை முடியட்டும். அதுக்கடுத்து உங்க உரைதான். ‘நாவலை எப்படித் தொடங்குவது?’ அழைப்பிதழ்லயே போட்டிருக்கோமே!”

அவன் மச்சினிக்குக் கைப்பேசியில் ‘உடனே வா’ என்று செய்தி தட்டினான்.

பக்கத்துத் தெருவில் இருந்தாள் மச்சினி. வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளியில் வேலை. அவள் அதட்டலில் சாலையோரத் தூண்கள்கூட ஒதுங்கி நிற்கும் என்பார்கள். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே வந்தாள்.

“மாமா, நான் அக்கா மாதிரியா இருக்கேன்?”

“மூக்கு அதே மூக்கு.”

“மூக்கை வச்சு நாவலப் பத்திப் பேச முடியுமா?”

“நான் மேசைக்கு அடியில உக்காந்து சொல்லித் தரேன்.”

“உங்களுக்கு என்ன தெரியும்?”

“ஒண்ணும் தெரியாது.”

“அப்ப ஜோராத்தான் இருக்கும்.” சொன்னாளே தவிர, அக்காவின் மூக்குக்கண்ணாடியைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டாள். அவன் தேய்த்த லென்ஸ். பெரிய பவர். அவளுக்குத் திரை முழுக்கப் புகையாகத் தெரிந்தது. கேமராவை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக் கும்பிட்டாள்.

“அடடா, முகம் அப்படியே இருக்கும்மா!” என்றார் தலைவர். “குரல்தான் கொஞ்சம்...”

“ஜலதோஷம்” என்றாள், கணீரென்று.

உடனே நாலைந்து பேர் மருந்து சொன்னார்கள். “மைக்கை அணைங்க” என்றார் பொருளாளர் அம்மா. மாநாட்டில் அவர் பேசுவது அந்த ஒன்றுதான். மற்ற நேரமெல்லாம் ஏதாவது பின்னிக்கொண்டிருப்பார்.

மேசைக்கு அடியிலிருந்து கிசுகிசுப்பு வந்தது. “நாவல் ஒரு கடல்.”

“நாவல் ஒரு கடல்.”

“அதுல... அதுல நிறையத் தண்ணி.”

“அதுல நிறையத் தண்ணி.”

“காலை மிதிக்காத.”

“காலை மிதி...” நிறுத்திக் குனிந்து பார்த்தாள். இனி இந்த ஆளை நம்பிப் பிரயோஜனம் இல்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தாள். தினமும் காலையில் சொல்வதையே ஆரம்பித்தாள்.

“முதல்ல சீட்டை உங்க உயரத்துக்குச் சரிபண்ணுங்க. அடுத்தவன் உயரத்துல உக்காந்தா கால் எட்டாது. கண்ணாடியில பின்னாடி என்ன வருதுன்னு பாருங்க. பாத்துட்டு அதை மறந்துட்டு முன்னாடி பாருங்க. கிளட்ச்சைப் பதமா விடணும். படக்குனு விட்டீங்கன்னா முதல் பக்கத்துலயே நின்னுடும். பக்கத்துல ஒருத்தர் அப்படிப் போ, இப்படிப் போன்னு உயிரை வாங்குவார். காதுலயே வாங்காதீங்க.” கடைசி வரியோடு மேசைக்கு அடியில் ஓர் உதையும் போனது.

கைதட்டல். ஒருவர் குறிப்பெடுத்துக்கொள்ள மறுபடி ஒரு தரம் சொல்லச் சொன்னார். ஒருவர் கண்ணைத் துடைத்தார்.

“இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்ல. இந்த வருஷச் செயலாளரா அம்மாவையே முன்மொழியறேன்” என்றார் தலைவர். கட்டம் கட்டமாகக் கைகள் உயர்ந்தன. “ஏகமனதா நிறைவேறிடுச்சு. மாசாமாசம் கூட்டம். செயலாளர் கேமரா முன்னாடி உக்காந்தே ஆகணும்.”

மாசாமாசம்! அவன் துள்ளி எழுந்தான். மேசை விடவில்லை. மண்டையில் நங்கென்று இடித்தது.

“அம்மாடி!”

“எலக்ட்ரீஷியனுக்கு ஷாக் அடிச்சிடுச்சா?” என்றார் தலைவர், அக்கறையாக.

“வேண்டாம்னு சொல்லு” என்றான் அவன், தலையைத் தடவிக்கொண்டே.

“வேண்டாங்க.”

“ஏம்மா?”

அவள் குனிந்து, ஊருக்கே கேட்கும்படி கேட்டாள். “ஏன் மாமா?”

இனி எந்தப் பொய்யும் பாக்கி இல்லை. விசாரித்துவிட்டுப் பெயரை எடுத்துவிடுவார்கள். அப்புறம் ‘வந்துவிட்டார்’ என்று எங்கேயும் வராது. அவன் தரையில் உட்கார்ந்தபடியே கையை மட்டும் மேலே நீட்டினான். விசைகளைத் தடவித் தடவி, கடைசியாக ஒரு தரம், ‘அருமை’ என்று தட்டினான்.

பொருளாளர் அம்மா பின்னல் ஊசியைக் கீழே வைத்தார்.

“தம்பி, மேசைக்கு அடியிலேர்ந்து எழுந்து வாங்க, ஆஸ்பத்திரியிலேர்ந்து அவ எங்ககிட்டக் கடைசியாப் பேசினதே உங்களப் பத்தித்தான், ‘இனிமே என் கட்டத்துல அவர் வந்து அருமை அருமைன்னு தட்டுவார், நான் வர்ற வரைக்கும்னு சொல்லிவச்சிருக்கேன், தடுத்துடாதீங்க, ஒரு வருஷம் போனப்புறம் மட்டும் கேமராவைப் போடச் சொல்லி ஒரு விதி வைங்க, மனுஷன் ஒழுங்கா சாப்பிடறாரான்னு மூஞ்சியப் பாத்தாத் தெரிஞ்சிடும்’னு.”