சம்பந்தியை நான் அடிக்கவே இல்லை

நகரி,
1955, தை பிறந்த வாரம்.

சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் சகல மரியாதைகளோடும் வாழ்ந்துவரும் மச்சான் கோவர்த்தனன் அவர்களின் சமூகத்திற்கு, தங்கள் தங்கை ரத்தினம்மாளின் கணவனும், நகரி பஜாரில் தையல் கடை வைத்திருப்பவனுமான எத்திராஜ் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் நலம். நலம் என்றால் காய்ச்சல், இருமல் என்று யாரும் படுக்கவில்லை. மற்றபடி எப்படி இருக்கிறோம் என்பதைக் கீழே படித்துத் தாங்களே முடிவு செய்துகொள்ளவும். அங்கே தங்கள் வீட்டு வரலட்சுமி அக்காவின் முழங்கால் வலி தீர்ந்து அவர்கள் ஓடியாட வேண்டும் என்று காணிப்பாக்கம் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

தாங்கள் போட்ட கார்டு வந்தது. "நான் அலையாய் அலைந்து பேசி முடித்த சம்பந்தம். அந்த நாகபூஷணத்தை மேடையில் வைத்து நாலு பேர் முன்னால் அடித்தாயாமே, உனக்குப் புத்தி இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கார்டில் எழுதியதால் தபால்காரர் அதைப் படித்துவிட்டு, எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிக்கொண்டே கடைசியாக என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். மச்சான், நான் அடிக்கவில்லை. என் கை அவர் மேல் பட்டதெல்லாம் ஜிப்பாவுக்கு அளவெடுத்தபோதுதான். நடந்தது வேறு. அது அடித்ததை விட மோசம் என்று தங்கள் தங்கை சொல்கிறாள். தாங்கள் படித்தவர், தாங்களே சொல்லுங்கள்.

ஆந்திரா தனி ராஜ்யமானதற்குப் போட்ட பந்தலை இன்னும் பிரிக்கவில்லை, அதற்குள் மந்திரிசபை கவிழ்ந்து மறுபடியும் தேர்தல் வந்துவிட்டது தங்களுக்குத் தெரியும். எங்கள் பக்கத்து சீட்டுக்கு நம் கட்சியிலேயே மூன்று பேர் போட்டி. யாருக்கு டிக்கெட் என்பதைத் தாலுகா கமிட்டிக்காரர்கள் கைதூக்கிச் சொல்ல வேண்டும், அதை மேலிடத்துப் பார்வையாளர் ஒருவர் வந்து பார்த்துச் சித்தூருக்கு எழுத வேண்டும் என்று ஏற்பாடு. கட்சிக் கொடி தைத்துக் கொடுத்த காரணத்தால் நானும் கமிட்டியில் இருக்கிறேன். அந்த மூன்று பேரில் ஒருவர், புத்தூரில் அரிசி மில் வைத்திருக்கும் நாகபூஷணம். அவர் பிள்ளை தாமோதரன் அங்கே ஸ்கூல் வாத்தியார். நம் பெண் சுலோசனாவை அவனுக்குக் கொடுப்பதாகத் தாங்கள் பேசி, வெற்றிலை பாக்கு மாற்றி, நாள் மட்டும்தான் பாக்கி.

மற்ற இரண்டு பேரையும் தாங்கள் பார்த்ததில்லை. ஒருவர் வெங்கடசாமி. வெள்ளைக்காரன் காலத்தில் வேலூர் ஜெயிலில் ஒரு வாரம் இருந்தவர். உண்மையாகவே இருந்தார், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு மேடையிலும் அந்த ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து, இப்போது அவர் சொல்வதைக் கேட்டால் வெள்ளைக்காரன் இந்த தேசத்தில் இருந்ததை விட இவர் ஜெயிலில் இருந்தது அதிகம் என்று ஆகிறது. இன்னொருவர் பாலசுந்தரம். "எனக்குப் பதவி ஆசையே கெடையாது" என்பார். சொல்லும்போதே நாற்காலியை மேடை நடுவுக்கு இழுத்துக்கொள்வார். மாலை வேண்டாம் என்று இரண்டு கையாலும் தடுப்பார், தலை மட்டும் மாலைக்கு வாகாக முன்னால் குனிந்து நிற்கும். நம் சம்பந்தியோ, எதற்கும் ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். "ஒரு வகையில பாத்தா..." என்று தொடங்கி, துண்டை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றி, "இன்னொரு வகையில பாத்தா..." என்று முடிப்பார். தமிழர் ஊருக்குப் போனால் நாமெல்லாம் மதராஸோடு சேர வேண்டியவர்கள் என்பார். அடுத்த ஊர் தெலுங்கு ஊராக இருந்தால் நாமெல்லாம் ஆந்திராவை விட்டு அசையக் கூடாதவர்கள். நடுவில் இருக்கிற ஊர்களில் பேசாமல் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார். பெண் கொடுக்கப் போகிற இடம் என்பதால் இதையெல்லாம் நான் வெளியே பேசுவதில்லை. கடையில் துணி வெட்டும்போது ஒருவர் இருவரிடம் இவர்களைப் போல நடித்துச் செய்து காட்டியிருப்பேன். ஐந்தாறு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்குச் சத்திரத்தில் கூட்டம். எல்லோரும் வந்து உட்கார்ந்துவிட்டோம், மூன்று பேரில் ஒருவரும் வரவில்லை. கடைசியாக வருகிறவர்தான் பெரிய மனிதர் என்பதால், ஒவ்வொருவரும் மற்ற இரண்டு பேரும் வந்தாயிற்றா என்று தெருமுனையில் ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டு, பஜாரில் வேறு வேறு வீடுகளில் காத்துக்கொண்டிருந்தார்கள். இப்படியே விட்டால் தேர்தலே முடிந்துவிடும் போலிருந்தது. பார்வையாளரையும் காணோம். ஜனங்களுக்குக் கொட்டாவி வந்துவிட்டது. கமிட்டியில் ஒரே பெண்பிள்ளையான செல்லியம்மா, பஸ் ஸ்டாண்டில் இட்லிக்கடை வைத்திருக்கிறதே அந்த அம்மாள், எழுந்து, "எத்திராஜு, சும்மா குந்திக்கினு கீறதுக்கு, அத்த கொஞ்சம் செஞ்சி காட்டேன்யா" என்றது. நான் மாட்டேன் என்றேன். சத்தியமாகச் சொன்னேன், மச்சான். ஆனால் இருபது பேர் சேர்ந்து ஒருவனை எழுப்பினால் அவன் எத்தனை நேரம்தான் உட்கார்ந்திருப்பான்?

வெங்கடசாமியைச் செய்தேன். ஜெயிலில் களி தின்றதை, களி கிண்டியவனின் பாட்டன் கதையிலிருந்து தொடங்கினேன். சத்திரம் குலுங்கியது. பாலசுந்தரத்தைச் செய்தேன். கழுத்தை நீட்டி மாலையை மறுத்துக்கொண்டே மேடையைச் சுற்றி வந்தேன். ஒரு கிழவனாருக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். "அடுத்து நாகபூஷணம்!" என்று கத்தினார்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "வேணாம்யா, அவுரு எனக்கு சம்பந்தி ஆவப் போறவரு" என்றேன். அப்போது பின்னால் தூணோரம் வேடிக்கை பார்க்க வந்து நின்ற தாமோதரன், நம் மாப்பிள்ளைதான், சொல்கிறான்: "மாமா, எங்க நைனாவ மட்டும் வுட்டுட்டீங்கன்னா, சொந்தக்காரன்னு ஓரவஞ்சன பண்ணதா பேரு வந்துடும்." படித்த பிள்ளை, நியாயமாகப் பேசுகிறதே என்று நினைத்தேன். அங்கேதான் கெட்டது.

துண்டை இடது தோளில் போட்டேன். வயிற்றை முன்னால் தள்ளினேன். மச்சான், தற்பெருமை இல்லை, அவர் அப்பனே வந்து பார்த்திருந்தாலும் பிள்ளை என்று கூப்பிட்டிருப்பான். செல்லியம்மா கேட்டது: "ஏன்யா, எல்லைக் கோடு போட்றாங்களாமே, நாம இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" நான், "ஒரு வகையில பாத்தா இந்தப் பக்கம்" என்று துண்டை மாற்றினேன். "இன்னொரு வகையில பாத்தா அந்தப் பக்கம். ஆனா கோடு போட்றவங்கள நான் கேட்டுக்கறது ஒண்ணுதான். எம் மில்லு நடுவால போடுங்க. நெல்ல ஆந்திராவுல கொட்டறேன், அரிசிய மதராஸ்ல அள்ளிக்கிறேன், தவிட்ட ரெண்டு சர்க்காருக்கும் சமமா குட்த்துடறேன்!" சிரிப்பு அடங்கவே இல்லை. மாப்பிள்ளை தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரிக்கிறான்.

அந்தச் சிரிப்பின் நடுவில் வாசல்பக்கமிருந்து ஒருவர் கைதட்டினார். ஒல்லியான ஆள். பனிக்காகக் குரங்குக் குல்லா போட்டு, மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. "பலே, பலே!" என்றார். பக்கத்திலிருந்த செல்லியம்மாவிடம், "ஈயனேனா நாகபூஷணம்காரு?" என்று கேட்டார். இவர்தான் நாகபூஷணமா என்று கேட்கிறார். அந்த அம்மாள் கொஞ்சமும் யோசிக்காமல், "ஆமா சாமி, அவருதான்" என்றது. அவர் திருப்பதியிலிருந்து வந்த பார்வையாளர் திருவேங்கடம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவருக்கும் எங்களில் ஒருவரையும் தெரியாது. அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, தெலுங்கும் தமிழுமாக, "மனசுல இருக்குறத இப்படித் தைரியமா சொல்ற ஆள நான் பார்த்ததே லேது. இத அப்படியே சித்தூருக்கு எழுதுறேன்" என்று பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். ஆள் யார் என்று அப்போதுதான் புரிந்தது. நான் நாகபூஷணம் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதே சமயத்தில், மற்ற இருவரும் வந்துவிட்டதாக யாரோ தப்பாகச் சொன்னதை நம்பி, நிஜமான நாகபூஷணம் உள்ளே வந்தார். நேராக மேடை ஏறினார். துண்டை இடது தோளில் சரிசெய்தார். "பெரியோர்களே, ஒரு வகையில பாத்தா..." என்றார். அவ்வளவுதான், சத்திரம் வெடித்தது. அவர் ஒன்றும் புரியாமல் துண்டை மாற்றினார். செல்லியம்மா தரையில் சரிந்துவிட்டது. பார்வையாளர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்று கையைக் காட்டி நிறுத்தினார். "ஏமய்யா, பெரிய மனிதர் பக்கத்துல உட்கார்ந்திருக்கும்போதே அவர மாதிரி செஞ்சு கேலி பண்றியா? சரி, பண்ணதுதான் பண்ண, ஒழுங்காவாவது பண்ணக் கூடாதா? வயிறு சரியா வருது. குரல் வரலையே. துண்டு மாத்துறதுல அந்த அழகு எக்கட, எங்க போச்சு? கூர்ச்சோ, கூர்ச்சோ!" என்று சம்பந்தியைக் கீழே உட்காரச் சொன்னார்.

மச்சான், சம்பந்தி என்னைப் பார்த்தார். என் தோளில் துண்டு இருந்தது. தள்ளிய வயிற்றை உள்ளே இழுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே வகையில் பார்த்து ஒரே பேச்சுப் பேசினார்: "இனிமே உன் ஊட்ல நான் கை நனைக்க மாட்டேன். சம்பந்தமும் கெடையாது, ஒண்ணும் கெடையாது!" விறுவிறுவென்று போய்விட்டார். அடி என்று சொன்னார்களே, அது இதுதான்.

பார்வையாளருக்கு விஷயத்தைச் சொன்னபோது கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் குல்லாவைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு, "பாகுந்தி" என்று மட்டும் சொன்னார். நன்றாயிருக்கிறது என்றால் எது நன்றாயிருக்கிறது என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. கடைசியில் மற்ற இரண்டு பேரும் வந்து பேசிக் கைதூக்கச் சொன்னால், முக்கால்வாசிக் கை நாகபூஷணத்துக்குத்தான். செல்லியம்மா இரண்டு கையும் தூக்க, ஒரு கையை இறக்கச் சொன்னார்கள். "இந்தாளு ஜெயிச்சா அஞ்சு வருசத்துக்கு நம்ம எத்திராஜு செஞ்சி காட்டுவான், நாம சிரிச்சிக்கினே இருக்கலாம்" என்று வெளிப்படையாகவே சொன்னது.

ஆனால் என் வீட்டில் யார் சிரித்தது? தங்கள் தங்கை என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டு எருமையிடம் பேசத் தொடங்கினாள். "கேட்டியா, பொண்ணு வாய்க்கைய நாறடிச்சிட்டு வந்து சோறு துன்றாரு" என்று எருமைக்குச் சொல்லுவாள், எனக்குக் கேட்கும். சுலோசனாவோ, அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். பக்கத்தில் போய், "நைனாவ மன்னிச்சிடும்மா" என்றேன். திரும்பினாள். சிரித்துக்கொண்டிருந்தாள்! "மில்லு நடுவால கோடு... அவரு சொன்னாரு நைனா" என்றாள். தாமோதரன் எப்படி, எப்போது இவளிடம் சொன்னான் என்று நான் கேட்கவில்லை, தாங்களும் கேட்க வேண்டாம். ஆனால் சிரித்து முடித்த பிறகு நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத்த வுட்டா வேற எடம் எனக்கு வேணாம் நைனா" என்றாள். அன்றைக்கு நான் கத்திரிக்கோலைத் தொடவில்லை.

மறுநாள் சம்பந்தி கடைக்கு வந்தார். பின்னால் தாமோதரன், முகத்தை ஒன்றும் தெரியாதவன் போல வைத்துக்கொண்டு. நான் காலில் விழுவதா, பின்பக்கமாக ஓடுவதா என்று பார்த்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். நூல்கண்டு ஒன்றை எடுத்து உருட்டினார். பிறகு மெதுவாக, "எத்திராஜு, ஓட்டு உனக்குத்தான் வுழுந்திச்சி, எனக்கு வுழல" என்றார். நான் அய்யய்யோ என்றேன். "கம்முனு கேளு. நான் பேசனா ஜனங்க தூங்கிடறாங்க. நீ நானா பேசனா எய்ந்து குந்தறாங்க. ஒண்ணு செய்யி. நான் எப்டி பேசறேன்னு எனக்குச் சொல்லிக்குடு." மாப்பிள்ளை கதவுக்குப் பின்னால் போய்விட்டான், சிரிப்பதற்கு. அன்று முதல் கடையைச் சாத்திக்கொண்டு, நாகபூஷணம் எப்படி நாகபூஷணமாக இருப்பது என்று நாகபூஷணத்துக்குப் பாடம் நடக்கிறது. துண்டு மாற்றுவது இன்னும் வரவில்லை. சம்பந்தம் உறுதி என்று தங்கள் தங்கையிடமும் வந்து சொல்லி, கை நனைத்து, வடையும் சாப்பிட்டுவிட்டுப் போனார். மற்ற இருவருக்கும்தான் மனத்தாங்கல். வெங்கடசாமி, தன் ஜெயில்வாசத்தைச் சுருக்கமாகச் செய்துவிட்டேனாம். பாலசுந்தரம், தன்னைச் செய்து காட்டுவதிலெல்லாம் தனக்கு ஆசையே கிடையாது, ஆனால் ஏன் கடைசியாகச் செய்யவில்லை என்று கேட்டனுப்பினார்.

ஆகையால் தேர்தல் முடிந்து, சம்பந்தி எம்.எல்.ஏ. ஆன பிறகு, பங்குனியில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். தாங்கள் அவசரப்பட்டு லீவு போட வேண்டாம். அக்காவுக்கு என் நமஸ்காரம், குழந்தைகள் எல்லோருக்கும் ஆசீர்வாதம், தங்கள் வீட்டு எருமைக்கு எங்கள் எருமையின் விசாரிப்பு. இனிமேல் எது கேட்பதானாலும் கவரில் வைத்து ஒட்டிக் கேட்கவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை இன்னும் இழக்கவில்லை என்று நம்பும்
எத்திராஜ்

பின்குறிப்பு: இதை ஒட்டப் போகும்போது சித்தூர் பஸ்ஸில் செய்தி வந்துவிட்டது. மேலே உள்ளதைப் படித்திருந்தால் மறந்துவிடவும். டிக்கெட் சம்பந்திக்கு இல்லை. வெங்கடசாமிக்கும் இல்லை, பாலசுந்தரத்துக்கும் இல்லை. மூன்று பேரும் ஒன்றுக்கும் உதவாதவர்கள் என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டு, பார்வையாளர் திருவேங்கடம் டிக்கெட்டைத் தானே வாங்கிக்கொண்டார். கேட்டதும் மூன்று பேரும் என் கடையில் ஒரே பெஞ்சில் வந்து உட்கார்ந்து, திருவேங்கடத்தைத் தாறுமாறாகத் திட்டினார்கள். சம்பந்தி, "எத்திராஜு, அந்தாள செய்யி பாக்கலாம், மன்சு ஆறட்டும்" என்றார். குரங்குக் குல்லா ஒன்றைத் தேடியெடுத்துப் போட்டுக்கொண்டு, மூக்கை நீட்டி, "பலே, பலே, நாற்காலி எக்கட?" என்று தொடங்கினேன். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திடீரென்று மூன்று பேரும் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். என்னடா, என் நடிப்புக்கு இவ்வளவு மரியாதையா என்று திரும்பினால், வாசலில் திருவேங்கடம். ஜெயித்த பிறகு போட்டுக்கொள்ளும் ஜிப்பாவுக்கு அளவு கொடுக்க வந்திருக்கிறார். பாலசுந்தரம் நாற்காலி போட்டார், வெங்கடசாமி தூசி தட்டினார், சம்பந்தி விசிறினார். குல்லாவோடு நடுவில் நின்றவன் நான் ஒருவன்தான். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "பாகுந்தி" என்றார்.

இந்தத் தடவையும் எது என்று கேட்கவில்லை. சம்பந்தி மறுபடியும் துண்டை மாற்றுவதற்குள் கல்யாணத்தை இந்தத் தையிலேயே முடித்துவிடுவது நல்லது. உடனே லீவு போட்டுக்கொண்டு புறப்பட்டு வரவும்.