குட்டிகள் நல்வாழ்வுத் தீர்மானம்

உலகத்தில் இரக்கம் குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அவர்களை என் மாமனார் வீட்டுக்கு ஒரு நடை அனுப்பிவைக்க வேண்டும். தாயைப் பிரிந்து புது வீட்டுக்கு வந்திருக்கும் இளம் உயிரை எப்படி வரவேற்பது, எப்படிப் பேசிப் பழக்குவது என்பதில் அந்தக் குடும்பத்துக்கு ஈடு கிடையாது. அந்த வீட்டு மருமகள் என்ற முறையில் நேரில் கண்டதையே சொல்கிறேன்.

மாமா ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலகம்தான் அவரை விட்டது; அவர் அலுவலகத்தை விடவில்லை. வீட்டில் பல்பு மாற்றுவதென்றாலும் சாப்பாட்டு மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடும். மாமா தலைவர், அத்தை செயலாளர், என் கணவர் உறுப்பினர். கல்யாணமாகி வந்த எனக்குப் ‘பார்வையாளர்’ என்ற தகுதி அளிக்கப்பட்டிருந்தது. பார்வையாளர் தேநீர் கொடுக்கலாம், வாக்களிக்க முடியாது. ஏதாவது சொல்ல வேண்டுமானால் முன்கூட்டியே தெரிவித்து, தலைவர் அனுமதித்த பிறகு சொல்லலாம்.

நான் தெரிவித்து வைத்திருந்தது ஒன்றே ஒன்று. என் அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்திருந்தது. தனியாக இருக்கிறாள். வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட ஆள் வேண்டும். கண் ஆறுகிற வரைக்கும் போய் இருந்துவிட்டு வருகிறேன் என்று கேட்டிருந்தேன். மாமா மறுக்கவில்லை. அவர் எதையுமே மறுக்கிறவர் அல்ல. “பரிசீலனைல இருக்கும்மா,” என்றார். எங்கள் வீட்டுப் பரிசீலனை சமையலறைப் பரண் மாதிரி. மேலே போனது கீழே இறங்கி நான் பார்த்ததில்லை.

இந்தச் சமயத்தில்தான், செல்ல ஆடு வளர்ப்பது பண்புள்ள குடும்பத்தின் அடையாளம் என்ற சேதி எங்கள் தெருவை எட்டியது. ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டால் ரத்த அழுத்தம் இறங்கும் என்று பல் டாக்டரின் மனைவி அத்தையிடம் சொல்லியிருந்தார். பல்லுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. கூட்டம் கூடியது. தனியாக ஒரு குட்டி வந்தால் ஏங்கிப் போகும் என்பதால் இரண்டாக வாங்குவதென்று ஒருமனதாக முடிவாயிற்று. என் கணவர் நல்லவர். எதற்கும் முதலில் கை தூக்குவார். எதற்கு என்று பிறகு கேட்டுக்கொள்வார்.

ஆட்டுக்குட்டி ஆலோசகர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று உள்ளங்கையை நீட்டியபடி அறை அறையாக நடந்தார். குட்டிகளின் மேல் காற்று நேராக அடிக்கக் கூடாதாம். வழுக்கும் தரை கூடாதாம். வந்ததுமே முழு வீட்டையும் காட்டி மிரட்டக் கூடாதாம். முதலில் ஒரு சின்ன அறை. அது பழகிய பிறகு அடுத்தது. வீட்டிலேயே அப்படிப்பட்ட அறை எங்களுடையதுதான் என்று அவர் கண்டுபிடித்தார். நானும் கணவரும் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தோம்.

“தாய் வாசனை முக்கியம் சார்,” என்றார் ஆலோசகர். “அம்மா ஆட்டு மேல தேய்ச்ச சாக்கு ஒண்ணு பண்ணையிலேயே தருவாங்க. குட்டிங்க பக்கத்துலயே போட்டு வைங்க. துவைச்சு மட்டும் போட்டுடாதீங்க.”

“துவைப்போமா?” என்றார் அத்தை, மனம் புண்பட்டவராக. “பச்சைப் பிள்ளைங்க. அம்மா வாசனை இல்லாம அதுங்களுக்குத் தூக்கம் வருமா?”

நான் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த போர்வையை, வந்த அன்றே, ‘வேற வீட்டு வாடை’ அடிக்கிறது என்று சோப்புத் தண்ணீரில் முக்கியவர் அத்தைதான். அன்றைக்கு அவருக்குச் சுத்தத்தின் மேல் அக்கறை. இன்றைக்கு இரக்கத்தின் மேல். ஒரே மனுஷியிடம் இரண்டையும் ஒரே நாளில் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

குட்டிகள் வந்தன. ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு. காது இலை மாதிரி, கால் குச்சி மாதிரி. கறுப்பு எது கிடைத்தாலும் விழுங்கிவிட்டதால் அதற்குப் ‘பொருளாளர்’ என்றும், பழுப்பு அதன் பின்னாலேயே போனதால் ‘துணைப் பொருளாளர்’ என்றும் மாமா பெயர் சூட்டினார். உயரத்திலிருந்து பார்த்தால் குட்டிகள் பயந்துவிடும் என்பதால் குடும்பமே தரையில் உட்கார்ந்தது. மாமா மூட்டு வலியோடு சம்மணம் போட்டு, “நான்தாண்டா உங்க தாத்தா,” என்று அறிமுகம் செய்துகொண்டார். தண்ணீர் எங்கே, தழை எங்கே, படுக்கை எங்கே என்று அத்தை இரண்டையும் தூக்கிக்கொண்டுபோய்க் காட்டினார். அதே வீட்டில் உப்பு எந்த டப்பா, சர்க்கரை எந்த டப்பா என்பதை நான் நாக்கால் கண்டுபிடித்தேன். எனக்கு அந்தத் திறமை இருக்கும் என்று அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

புட்டிப்பாலை மட்டும் குட்டிகள் தொடவில்லை. ரப்பரைக் கடித்துத் துப்பிவிட்டு ‘மே’ என்று கத்தின. மாமா உடனே விதியைத் திருத்தினார். குட்டிகளுக்கு முழு உறுப்பினர் தகுதி. அவை ‘மே’ என்றால் நடந்துகொண்டிருக்கும் எதையும் நிறுத்திவிட்டு, அதை அவசரப் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

“வாயில்லா ஜீவன். முன்கூட்டியே தெரிவின்னு சொன்னா அது எங்க போகும்?” என்றார். கை தட்டலாமா என்று கணவர் என்னைப் பார்த்தார்.

அதன்பிறகு வீடே அந்தச் சத்தத்துக்குப் பழகிவிட்டது. ‘மே’ என்று கேட்டால் மாமா பேச்சை நிறுத்துவார், அத்தை அடுப்பை அணைப்பார், கணவர் சவரத்தைப் பாதியில் விட்டு ஓடுவார்.

அம்மா தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் வராவிட்டாலும் பரவாயில்லை என்பதைச் சொல்வதற்காகத்தான் கூப்பிட்டாளாம்.

“பக்கத்து வீட்டு அக்கா வந்து மருந்து விட்டுட்டுப் போறாடி. நேத்து மட்டும் வேற கண்ணுல விட்டுட்டா. பரவாயில்ல, அதுவும் என் கண்ணுதானே.”

சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைய கூட்டத்தில், அனுமதி பெற்று, என் வேண்டுகோளை மறுபடி எடுத்தேன். “அம்மாவுக்கு…” என்று தொடங்கும்போது பொருளாளர் அறைக்குள்ளிருந்து ‘மே’ என்றார். கூட்டம் எழுந்து ஓடியது.

ஆலோசகரிடம் யோசனை கேட்டார்கள். ஒரேயடியாகப் பிரித்ததால் வந்த ஏக்கம் என்றார் அவர். ஒருமுறை கூட்டிக்கொண்டுபோய்த் தாயிடம் காட்டினால் சரியாகிவிடுமாம். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பாவம், அம்மாவைப் பாக்கணும்னு கேக்குது. வேற என்ன கேட்டுடுச்சு?”

தீர்மானம் அந்த நிமிஷமே நிறைவேறியது. பண்ணைக்குப் போகிற வழியில்தான் என் அம்மா வீட்டுத் தெரு பிரிகிறது என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

“அது வேற பொருள்மா,” என்றார் மாமா அன்போடு. “ரெண்டையும் கலந்தா நடைமுறை கெட்டுடும்.”

காரில் குட்டிகளுக்கு மெத்தை விரித்து, நடுவில் என்னை உட்கார வைத்தார்கள், புட்டி பிடிக்க. பண்ணையில் இறக்கிவிட்டதும் இரண்டும் தாயிடம் ஓடி, மடியை முட்டி முட்டிக் குடித்தன. வால் நிற்கவே இல்லை. தாய் ஆடு திரும்பி ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்தது. அத்தை விசும்பினார். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தாய்னா தாய்தான்,” என்றார். அந்த வாக்கியத்தை யாரும் முன்மொழியவுமில்லை, வழிமொழியவுமில்லை, ஆனாலும் நிறைவேறியது.

திரும்பும்போது குட்டிகள் வயிறு நிரம்பித் தூங்கின. அம்மா வீட்டுத் தெரு வரப்போவது தெரிந்தது.

“மாமா, இங்க கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. அம்மாவைப் பாத்துக்கிட்டு, அப்படியே இருந்துட்டு வரேன்.”

“அடுத்த கூட்டத்துல முதல் பொருளா வெச்சுடறேன்மா.”

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த கணவரைப் பார்த்தேன். அவர் சாலையைப் பார்த்தார். தெரு முனை வந்தது. கடந்து போகவும் தொடங்கியது.

நான் “மே” என்றேன்.

பலமாகத்தான் சொன்னேன். கணவர் சட்டென்று பிரேக் போட்டு வண்டியை ஓரங்கட்டினார். அத்தை, “என்னடா செல்லம், என்ன வேணும்?” என்று பதறிப்போய்த் திரும்பினார். என்னைப் பார்த்ததும் அவர் வாய் திறந்தபடியே நின்றது. குட்டிகள் இரண்டும் தூங்கிக்கொண்டிருந்தன.

“என்னம்மா இது?” என்றார் மாமா.

“அவசரப் பொருள் மாமா,” என்றேன். புட்டியை அத்தையின் கையில் கொடுத்துவிட்டு இறங்கி நடந்தேன். கணவர் ஹாரனை ஒருமுறை மெதுவாக அடித்தார். ஆதரவா, எதிர்ப்பா என்று தெரியவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் குடும்பத்தின் இரக்கத்தை இன்றைக்கும் நான் குறை சொல்ல மாட்டேன். தப்பு என்னுடையதுதான். அத்தனை நாளும் அவர்களிடம் மனுஷியாகவே கேட்டுக்கொண்டிருந்தேன்.