மெத்தையின் இடது பாதி

ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்
செவ்வாய்க்கிழமை

சிரஞ்சீவி மஹேஷுக்கு அத்திம்பேர் பட்டாபி அநேக ஆசீர்வாதம். இவ்விடம் நானும் புது மெத்தையும் க்ஷேமம். உன் அக்கா விஜயலக்ஷ்மியின் க்ஷேமத்தை நான் எழுதுவதற்கில்லை. அவள் என்னோடு பேசி ஐந்து நாள் ஆகிறது. புனேயில் நீயும் சௌபாக்கியவதி ஸ்மிதாவும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் போய்க் கடுதாசியா என்று சிரிப்பாய். நான் போனில் பேசினால் பக்கத்து வீட்டில் டிவியை அணைத்துவிட்டுக் கேட்கிறார்கள், என் குரல் அப்படி. விஷயமோ ரகசியம்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ரயிலில் உன் அக்கா உன் வீட்டுக்குக் கிளம்புகிறாள். வாயால் சொல்லவில்லை, காலண்டரில் எழுதி வைத்திருக்கிறாள். அவளை வரவேண்டாம் என்று நீ சொல்ல வேண்டும். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறோம், ஹாலெல்லாம் ஒரே வாடை என்று ஏதாவது சொல். பொய்தான். பாவம் வந்தால் அதை என் தலையில் போட்டுவிடு. ஏன் இப்படிக் கேட்கிறேன் என்பதை ஆதியிலிருந்து சொல்கிறேன்.

எனக்கு முதுகில் ஒரு டிஸ்க் நகர்ந்திருக்கிறது, கெட்டியான மெத்தையில்தான் படுக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உன் அக்காவோ ஒருக்களித்துப் படுத்தால்தான் தூங்குவாள். கெட்டி மெத்தையில் அப்படிப் படுத்தால் காலையில் தோளும் இடுப்பும் மரத்துப்போய்விடுகின்றன. ஒரே மெத்தையில் பாதி கெட்டியாகவும் பாதி மிருதுவாகவும் ஆர்டரின் பேரில் செய்து தருகிற கடை ஒன்று கிழக்கேகோட்டைப் பக்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டு இருவரும் போனோம். அங்கே ஷைஜு என்று ஒரு சேல்ஸ்மேன். நான் மெத்தையை நாலு தட்டுத் தட்டிப் பார்த்து, சரி இது போதும் என்றேன். அவன் விடவில்லை. "சாரே, தொட்டு நோக்கினா ஒண்ணும் அறியாது. ரெண்டு பேரும் ஒருமிச்சு கிடந்து நோக்கணும்" என்றான். ரோட்டைப் பார்த்த கண்ணாடிச் சுவர். நாலு பேர் பார்க்கப் பெண்டாட்டியோடு படுப்பதா என்று நான் தயங்கினேன். உன் அக்கா அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு, கைப்பையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு ஏறிப் படுத்துவிட்டாள்.

இங்கேதான் சனி புகுந்தது. கட்டிலின் தலைமாடு வடக்குச் சுவரை ஒட்டி இருந்தது. நான் வடக்கே தலை வைத்து இன்றுவரை படுத்ததில்லை. கடையில் இரண்டு நிமிஷம் ஆனால் மட்டும் எமனுக்குக் கணக்குத் தெரியாதா? உன் அக்காவை எழுப்பி, தலையணைகளைக் கால்மாட்டுக்கு மாற்றி, தெற்கே தலை வைத்து, அவளை முறைப்படி என் இடது பக்கம் விட்டுப் படுத்தேன். ஷைஜு எங்களைப் பார்த்தான், கட்டிலைப் பார்த்தான், ஏதோ எழுதிக்கொண்டான். அந்த நேரம் பார்த்து நம் தெரு பத்மஜா கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே ஓடிவந்தாள். "விஜி மாமி, எந்தா பற்றியது, என்ன ஆச்சு? தலை சுத்தறதா? பிபி நோக்கினேளா?" உன் அக்கா படுத்தபடியே, "ஒண்ணுமில்லடி, மெத்தை வாங்கறோம்" என்றாள். "அதுக்கு ஏன் மாமி தலைகீழாப் படுத்துண்டிருக்கேள்?" என்றாள் அவள். மஹேஷ், முப்பத்துநாலு வருஷம் டிராயிங் பிரிவில் இருந்தவன் நான், வடக்கு எது என்று பார்க்காமல் எந்த பிளானிலும் கையெழுத்துப் போட்டதில்லை. அன்று எழுந்து ஓடினால் போதும் என்று ஷைஜு நீட்டின பேப்பரில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

பத்து நாளில் மெத்தை வந்தது. முதல் ராத்திரி நான் என் பக்கம் படுத்தேன், சேற்றில் எருமை இறங்கின மாதிரி உள்ளே போய்விட்டேன். உன் அக்கா தன் பக்கம் படுத்து, "ஐயோ, பாறாங்கல்!" என்றாள். நான் தலைகீழாகப் படுத்ததால் கட்டிலுக்கு இடது பாதி எனக்கு என்று ஷைஜு எழுதியிருக்கிறான். வீட்டில் நேராகப் படுத்தால் இடது பாதி அவளுடையது, கெட்டிப் பாதி அவள் பக்கம் போய்விட்டது. மெத்தையைச் சுற்றிப் போடலாம் என்றால், தலைமாட்டில் தோளுக்கென்று வைத்த மிருதுவான பட்டை கால்மாட்டுக்குப் போய்விடும். கவிழ்த்துப் போடலாம் என்றால் அடிப்பக்கம் வெறும் கித்தான். ஷைஜுவை வீட்டுக்கே வரவழைத்தேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "சாரும் மாமியும் எடம் மாறிக் கிடந்தா தீர்ந்தில்லே பிரச்னை?" என்றான். பெண்டாட்டி புருஷனுக்கு இடது பக்கம்தான் என்று நான் சாஸ்திரத்தை எடுத்துச் சொன்னேன். "எங்க வீட்டுல ஆரு முதல்ல கிடக்கறாங்களோ அவங்களுக்கு இஷ்டமுள்ள எடம் சாரே" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மூன்று ராத்திரி பொறுத்தாள். நாலாம் நாள், "சாஸ்திரம் சொல்றது நீங்க, தோள் வலிக்கறது எனக்கு. நகருங்கோ" என்றாள். நான் நகரவில்லை. முப்பத்தெட்டு வருஷப் பழக்கம் என்றேன். "முப்பத்தெட்டு வருஷம் இடது பக்கம் படுத்து நான் என்னத்தைக் கண்டேன்?" என்று கேட்டுவிட்டு, தலையணையை இடுக்கிக்கொண்டு கிரிஷ் ரூமுக்குப் போனவள்தான். பிள்ளை கனடா போன பிறகு சும்மா கிடக்கிற அந்தப் பழைய இலவம்பஞ்சு மெத்தைக்கு வந்த யோகத்தைப் பார்!

உன்னிடம் சொல்வதற்கு வெட்கமென்ன? இரண்டு பாதியிலும் மாறி மாறிப் படுத்துப் பார்த்துவிட்டேன், தூக்கம் வரவில்லை. "கேட்டைப் பூட்டினேளா, கேஸை மூடினேளா" என்று கேட்க ஆளில்லை. பூட்டின கேட்டை எழுந்து போய் மறுபடி பார்த்துவிட்டு வருகிறேன். இந்த லட்சணத்தில் அவள் புனேக்கும் வந்துவிட்டால் நான் என்ன ஆவேன்? அவள் இல்லாமல் இந்த வீட்டில் என்னால் இருக்க முடியாது. இதை அவளிடம் சொல்லிவிடாதே, தலைக்கு மேல் ஏறிவிடுவாள். பெயின்ட் விஷயத்தை மட்டும் மறக்காதே.

பத்மநாபஸ்வாமி உங்கள் இருவருக்கும் தீர்க்காயுளும், வாக்குவாதம் இல்லாத படுக்கையறையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உறக்கமில்லாத அத்திம்பேர்,
பட்டாபி

பி.கு. மஹேஷ், இதை அக்கா எழுதறேன். என்னை வரவிடாம பண்ண இத்தனை பக்கம் எழுதிட்டு, உன் வீட்டு பின்கோடு தெரியாம, கவரைக் கொண்டுவந்து என்கிட்டயே நீட்டினார் உன் அத்திம்பேர். "படிக்காம ஒட்டு"ன்னு வேற சொன்னார். இதுக்கு முன்னாடி அப்படிச் சொன்னதே இல்லை, அதனால படிச்சேன். நான் கோவிச்சுண்டு ஒண்ணும் போகலடா. கிரிஷ் ரூம்ல படுத்தா தோள் வலிக்கல, அவ்வளவுதான். நான் அவரோட பேசாம இருக்கறது மட்டும்தான் கோவம். தினம் அந்த ரூம் வாசல் வரைக்கும் வந்து நிக்கறார், தொண்டையைக் கனைக்கறார், ஒண்ணும் சொல்லாமத் திரும்பிப் போறார். உனக்கு எழுத வந்தது எனக்குச் சொல்ல வரல பாரு. புனேக்கு டிக்கெட் ரெண்டு பேருக்கும்தான் எடுத்திருக்கேன். அவர்கிட்ட மூச்சு விடாதே, வெள்ளிக்கிழமை காலம்பற வரைக்கும் தவிக்கட்டும். பெயின்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எங்க ரூம்ல ரெண்டு தனித்தனிக் கட்டில் போட்டு வை, ஒண்ணுல கெட்டி மெத்தை, ஒண்ணுல மெத்து மெத்துனு. நடுவுல மட்டும் இடம் விடாதே.