ஜீப்பின் பின்புறம் எவ்வளவு உயரலாம்?

வண்டி என்று ஒன்று இருக்குமாயின், அதற்கு முன்புறம் ஒன்றும் பின்புறம் ஒன்றும் இருந்தே தீரும். இயற்கை இவ்விரண்டையும் மரியாதை வேறுபாடின்றிப் படைத்துவிட்டது. அப்பிழையைத் திருத்தும் பொறுப்பு அரசாங்க அலுவலகங்களின் மீது விழுந்தது.

உத்திரமேரூரில் வேளாண் இயந்திர வழங்கு நிலையம் என்றோர் அலுவலகம் இருந்தது. ஏரி வற்றிய ஊர்களுக்கு ஆயில் எஞ்சினை அனுப்பிக் கிணற்று நீரை இறைக்க உதவுவது அதன் கடமை. எஞ்சின் இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றில் பொருத்தப்பட்டிருந்தது. டிரெய்லரை இழுக்க ஒரு ஜீப் இருந்தது. அது உலகப் போரில் வெற்றி கண்டு, உத்திரமேரூர்ச் சாலைகளில் தோல்வி கண்ட ஜீப்.

அதன் பின்சக்கரங்களின் மேல் வில்போல் வளைந்து நின்று வண்டியைத் தாங்க வேண்டிய இரும்புப் பட்டைகள், வளைவு நீங்கி என்றோ நிமிர்ந்துவிட்டன. டிரெய்லரை மாட்டியதும் ஜீப்பின் பின்புறம் குந்தும், முன்புறம் எழும், விளக்குகள் சாலையைத் துறந்து பனைமரத்து உச்சிகளை ஆராயும். இந்நிலையில் ஒருநாள் பட்டைகள் முறிந்தன. எஞ்சின் கொட்டகையில் ஓய்வு கொண்டது.

மறுநாள் மேலத்தாங்கலிலிருந்து பவளம் அம்மாள் வந்தார். கணவர் காலமான பின் நிலத்தைத் தாமே பார்த்துவருபவர்.

“சார், கதிரு தொண்டையில நிக்குது. ஏரி காஞ்சிட்டுது. கெணத்துல தண்ணி கீது. ஆனா பாதாளத்துல கீது, ஏத்தம் எட்டல. இப்ப இஞ்சினு குடுத்தா மணி புடிச்சிடும். இல்லாங்காட்டி வெறும் வைக்கோலுதான்.”

நிலையத்தின் அதிகாரி வேதகிரி அவர்கள் கனிவோடு கேட்டுவிட்டுச் சொன்னார். “கவலை வேண்டாம், அம்மா. எஞ்சின் தயார். டிரெய்லர் தயார். ஜீப்பின் பின்பட்டை மாத்திரம் பரிசீலனையில் இருக்கிறது.”

“அது எந்த ஊருல கீது, சொல்லு சார். நானே போயி எட்த்தாந்துடறேன்.”

அதிகாரி சிரிக்கவில்லை. பட்டைத் தேர்வு அன்றே தொடங்கியது.

ஓட்டுநர் ஐசக், காஞ்சிபுரத்துப் பட்டறை ஒன்றிலிருந்து இரண்டு ஜோடிப் பட்டைகளைப் பார்வைக்குக் கொண்டுவந்து மேசைமேல் கிடத்தினார்.

“இது மெத்துனு இருக்கும் சார். பட்டணத்துல பெரிய மனுசங்க பிளஷர் காருக்கெல்லாம் இப்போ இதத்தான் போட்டுக்கினு கீறாங்க. குந்தினா தொட்டிலு. அது முரடு. மிலிட்டரி சரக்கு. பர்மா வரைக்கும் போய் வந்த பட்டை.”

“பர்மாவில் அது என்ன செய்தது?”

“அத அது சொல்லல சார்.”

அக்காலத்தில் மிலிட்டரி என்ற சொல் ஒட்டிக்கொண்டால், கம்பளி, பூட்ஸ், பிரியாணி ஆகிய மூன்றும் தத்தம் குறைகளினின்று விடுதலை பெற்றன. பிளஷர் என்ற சொல்லுக்கும் அத்தகைய மகிமை இருந்தது. ஆகவே தேர்வு கடினமாயிற்று. டிரெய்லரின் கனத்தை எது தாங்கும் என்ற வினா எழவே இல்லை என்று கூறுவது அநீதி. எழுந்தது. தலைமை எழுத்தர் பஞ்சாட்சரம் அதனை அமர்த்தினார்.

“ஐயா, ஜீப்புல பின்னால உக்கார்றது யாருங்க?”

“நீர்.”

“முன்னால?”

“இதென்ன கேள்வி? நான்.”

“முன்பட்டை பழசுங்க. பின்னால மட்டும் மெத்துப் பட்டை போட்டா, நான் தொட்டில்ல போவேன், நீங்க உரல்ல போவீங்க. கீழ் உத்தியோகஸ்தன் சுகமாவும் மேலதிகாரி இடுப்பைப் புடிச்சிக்கிட்டும் போறத நாலு ஜனம் பார்த்தா, நிர்வாகம் என்னங்க ஆவும்?”

வேதகிரி அவர்களுக்கு வியர்த்தது. நிர்வாகத்தின் இடுப்பைக் காக்கும்பொருட்டு மிலிட்டரிப் பட்டைகள் பொருத்தப்பட்டன.

பெரும் பாரத்தைச் சுமக்கப் பிறந்த அப்பட்டைகள், பாரம் இல்லாதபோது நன்றாக நிமிர்ந்து நின்றன. ஜீப்பின் பின்புறம் ஒரு சாண் உயர்ந்தது. அதனுடன் பஞ்சாட்சரமும் உயர்ந்தார். வெள்ளோட்டத்தில் கடைத்தெருவைக் கடந்தபோது, உயரத்தில் இருப்பவரே பெரியவர் என்று கருதிப் பழகிய மக்கள் எழுத்தருக்குக் கும்பிடு போட்டனர்.

அதிகாரி திரும்பினார். பேசுவதற்கு அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

“ஓய், சற்றுக் குனியும்.”

“குனிஞ்சுதாங்க இருக்கேன்.”

“இன்னும் குனியும்.”

“இதுக்கு மேல குனிஞ்சா உங்க மடியிலதாங்க வரணும்.”

வண்டி நிறுத்தப்பட்டது. பஞ்சாட்சரம் கைகட்டிக்கொண்டு ஒரு யோசனை கூறினார். “ஐயா பின்னால உக்காந்துட்டு, நான் முன்னால...” வாக்கியம் போகும் திசையைக் கண்டு தாமே அஞ்சி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஐசக் தலையைச் சொறிந்தார். “டிரெய்லர மாட்டினா பின்பக்கம் தானா எறங்கிடும் சார்.”

“எஞ்சினை மேலத்தாங்கலில் விட்டுவிட்டு வெறும் ஜீப்பில் திரும்புவோமே, அப்போது?”

இதற்கு அறிவியலில் விடை இல்லை. அலுவலகத்தில் இருந்தது. பாலாற்று மணல் மூட்டைகள் வரவழைக்கப்பட்டு, ஜீப்பின் பின்புறத்தில் நிரந்தரமாக நியமிக்கப்பட்டன. அதிகாரியின் தொப்பிக்கும் எழுத்தரின் தலைக்கும் இடையே ஒரு பலகையை நீட்டி, அதன்மேல் கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்தனர். குமிழி அதிகாரியின் பக்கம் ஒதுங்கும்வரை மூட்டைகள் ஏற்றப்பட்டன. அது ஒதுங்கியபோது பஞ்சாட்சரம் கை தட்டினார், பலகை விழுந்தது.

பிறகு டிரெய்லரை மாட்டினர். மணலும் எஞ்சினும் சேர்ந்து அழுத்தவே, பின்புறம் முன்போலவே குந்தியது. விளக்குகள் மீண்டும் பனைமரத்தை நோக்கின. நெடிய ஆலோசனைக்குப் பின், “மட்டத்தின் நலனை முன்னிட்டு இனி இந்த ஜீப்பில் டிரெய்லரை மாட்டலாகாது” என்று முடிவாயிற்று.

முடிவை நேரில் அறிவிக்க அதிகாரி மேலத்தாங்கல் சென்றார். வரப்பில் நின்ற பவளம் அம்மாள் ஜீப்பைச் சுற்றிவந்து பார்த்தார்.

“இஞ்சினு எங்க சார்?”

“ஜீப் தயாராகிவிட்டது, அம்மா.”

“அது தெரியுது. இஞ்சினு?”

“கொட்டகையில் பத்திரமாக இருக்கிறது.”

“பின்னால மூட்டையில இன்னா? ஒரமா?”

“மணல்.”

“எங்க ஏரியில இல்லாத மணலா? எதுக்கு சார் இம்மாந்தூரம் எட்த்துக்கினு வந்தே?”

பஞ்சாட்சரம் காரணத்தை முறைப்படி விளக்கினார். கேட்டுமுடித்ததும் பவளம் அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், பொத்தியும் கேட்டது.

“பின்னால குந்தறவன் தல ஒரு சாண் ஒசந்துட்டா, முன்னால குந்தறவரு தல தேஞ்சிடுமா? நல்ல ஆபீஸுடா சாமி! எம் பயிரு சாவுதுன்னு சொல்றேன், நீங்க தல அளந்துக்கினு கீறீங்க. வேணாம் சார், உங்க ஜீப்பும் வேணாம் பட்டையும் வேணாம். டிரெய்லர வுடு. எம் மாட்டப் பூட்டி இஸ்த்துக்கினு போறேன்.”

அதிகாரி யோசித்தார். மாடுகளுக்குப் பட்டை இல்லை. ஆதலால் மறுக்க வழியும் இல்லை. அனுமதி வழங்கப்பட்டது.

மறுநாள் டிரெய்லரின் முனையில் ஏர்க்கால் ஒன்றைக் கட்டி, காளைகளைப் பூட்டினர். காளைகளின் கழுத்தில் பாரம் விழாதிருக்க எஞ்சினைப் பின்னோக்கித் தள்ளிப் பொருத்தியமையால் ஏர்க்கால் மேலே எழும்பிற்று. முன்பக்கம் ஓர் ஆள் அமர்ந்தால் சரியாக நின்றது. பவளம் அம்மாளிடம் கூலிக்கு ஏர் ஓட்டும் இருசப்பன் அமர்ந்தார். வாழ்நாளில் எதிலும் ஏறிப் போயிராத அவருக்கு அந்தப் பயணம் பிடித்திருந்தது. பவளம் அம்மாள் முன்னே நடந்து, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அதிகாரியின் தொப்பிக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார்.

மேலத்தாங்கலுக்குள் நுழைய ஏரிக்கரைமேல் ஏற வேண்டும். ஏற்றத்தின் நடுவே வந்தபோது, கரையின் உச்சியில் ஊர்ப் பெரியவர் ராஜாராம் நாலைந்து பேருடன் நிற்பது தெரிந்தது. அவர்கள் எஞ்சினைப் பார்க்கவில்லை. பவளம் அம்மாள் அவர்களுடைய பார்வை போகும் இடத்தைத் திரும்பிப் பார்த்தார். தாம் தரையில், இருசப்பன் உயரத்தில்.

“டேய், எறங்கு.”

“நான் எறங்கினா தூக்கிக்கும்மா.”

“ஊருக்குள்ள நான் நடந்து போவேன், நீ மேல குந்திக்கினு ஜம்முனு வருவியா? எறங்குடா.”

“இன்னும் கொஞ்ச தூரந்தாம்மா. இல்லாட்டி நீ வந்து குந்திக்கோ, நான் நடக்கறேன்.”

“மாட்டு வாலாண்ட நானா? ஊரு இன்னா பேசும்? எறங்குன்றேன்!”

“எறங்குடா! சொல்றாங்க இல்ல?” என்று கரையிலிருந்தும் குரல் வந்தது.

இருசப்பன் இறங்கினார். ஏர்க்கால் எழுந்தது, நுகம் காளைகளின் கழுத்தை விட்டு மேலே போயிற்று, பூட்டாங்கயிறு அறுந்தது. காளைகள் பிழைத்தன. டிரெய்லர் பின்னோக்கி உருண்டு, கரையின் சரிவில் கவிழ்ந்தது. வறண்ட ஏரிக்குள் எஞ்சின் இரண்டு துண்டாகக் கிடந்தது.

கரையில் நின்றவர்கள் இறங்கிவந்து பார்த்தனர். பிறகு ராஜாராம் தொண்டையைச் செருமினார். “இஞ்சினு இன்னொண்ணு வரும். ஊரு மொற கெட்டா வருமா? பவளம் செஞ்சது சரிதான்.”

எல்லாரும் சரிதான் என்றனர். இருசப்பனும், எதற்கும் இருக்கட்டும் என்று, சரிதான் என்றார்.

செய்தி கேட்டு அதிகாரி மட்டம் குலையாத ஜீப்பில் வந்து சேர்ந்தார். நடந்ததை நின்று கேட்டார். முதன்முறையாக அவருக்கும் அந்த ஊருக்கும் முழு உடன்பாடு ஏற்பட்டது. பவளம் அம்மாளைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டு, “வேறு என்ன செய்திருக்க முடியும்?” என்றார். அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தார்.

அந்தப் போகத்தில் மேலத்தாங்கலில் ஒரு தலையும் தாழவில்லை. பவளம் அம்மாளின் வயலில் நெற்கதிர்களும் கடைசிவரை விறைப்பாக நிமிர்ந்தே நின்றன. மணி பிடித்திருந்தால் அல்லவா சாய்வதற்கு?